அலமாரிக்குள் குளியலறை

கேள்வி: இஸ்தான்புல்லுக்குப் பின் இரண்டு நாள் மீதமிருக்கிறது, அதிகம் பேசப்படாத ஓர் ஊரைச் சொல்வீர்களா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சாஃப்ரன்போலுவுக்குச் செல்லுங்கள். குங்குமப்பூவால் பெயர் பெற்று, 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வூர், துருக்கித் தலைநகர் அங்காராவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 3 மணி நேரத் தொலைவில் உள்ளது.

காண வேண்டியவை ஒட்டோமான் காலத்து வீடுகளே. கல்லாலான கீழ்த்தளத்தின் மீது, மரச்சட்டங்களுக்கிடையே சுடாத மண் செங்கல் அடைத்த மேல்தளம் தெருவை எட்டிப் பார்த்தபடி நிற்கும். நம் வீட்டு வாசலில் இருக்கும் திண்ணை, அங்கே அறைக்குள் சுவரோரமாக ஓடுகிறது. சுவர் அலமாரியைத் திறந்தால், உள்ளே ஒருவர் மட்டும் நின்று குளிக்கும் இடம்! பழைய வீடொன்றில் தங்கினால் இதை நேரில் காணலாம்.

கூழாங்கல் பாவிய சரிவுத் தெருக்களில் குதியுயர்ந்த செருப்பு உதவாது. குங்குமப்பூ வயல்களையும் பார்க்க விரும்பினால், அக்டோபர் இறுதியில் புறப்படுங்கள்.