பம்ப் மாற்றியும் பிக்கப் நின்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான் புத்தூரில் வெங்காயம் செய்கிறேன். என்னிடம் முப்பது வருடப் பழைய ஹைலக்ஸ் டீசல் பிக்கப் இருக்கிறது. பாரம் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகும்போது பதினைந்து நிமிடத்தில் இழுவை குறைந்து எஞ்சின் நின்றுவிடும். அரை மணி நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கராஜில் காட்டினேன். டீசல் பம்ப் பழுது என்று 185,000 ரூபாவுக்கு மாற்றினார்கள். 125,000 ரூபா கொடுத்து வண்டியை எடுத்தேன். நான்காம் நாளே வண்டி பழையபடி நின்றது. திரும்பக் கொண்டுபோனால், இன்ஜெக்டர்களும் மாற்ற வேண்டும், அதற்கு 90,000 ரூபா என்கிறார்கள். பாக்கி 60,000 ரூபாவைத் தராமல் வண்டியை விடமாட்டார்களாம். என்னிடம் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் "மாற்றியும் சரிவரவில்லை" என்பது மட்டும் போதாது. பழுது தீரும் என்று எந்த மெக்கானிக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அவரிடம் எதிர்பார்ப்பது உரிய கவனமும் திறமையும். ஆகவே உங்கள் வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: பம்பைக் கழற்றுமுன் அவர் எதையாவது சோதித்துப் பார்த்தாரா?

நீங்கள் சொல்லும் அறிகுறியைக் கவனியுங்கள். ஓடும்போது நின்று, ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. பழைய டீசல் வண்டியில் இப்படி நடந்தால் முதலில் டீசல் தாங்கியைத்தான் (டாங்க்) சந்தேகிக்க வேண்டும். அடியில் கிடக்கும் துருவும் கசடும் உறிஞ்சுகுழாயின் வலையில் போய் அப்பிக்கொள்ளும், எஞ்சின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் உதிர்ந்து விழும், வழி திறக்கும். தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இதே கதைதான். வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் அதுவே பெரிய தடயம். இதைப் பார்க்கக் காசு வேண்டாம், அரை நிமிடம் போதும். தாங்கிக் குழாயைக் கழற்றி, ஒரு கானில் சுத்தமான டீசல் வைத்து அதிலிருந்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. கானிலிருந்து நிற்காமல் ஓடினால் குற்றம் பம்பில் இல்லை. பில்டருக்குப் பின் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் காற்று இழுக்கிறதா என்பதும் குமிழியாய்த் தெரிந்துவிடும். இவை எதையும் செய்யாமல் ஓர் ஏழை விவசாயியின் ஒரு போகப் பணத்தை பம்பில் கொட்டவைப்பதை உரிய கவனம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஒன்றை உங்கள் மனத்தைத் தொட்டு யோசியுங்கள். "பம்பை மாற்றித் தாருங்கள்" என்று நீங்களே கேட்டுக் கொண்டுபோனீர்களா? அப்படியானால் அவர் சொன்ன வேலையைச் செய்தவராகிவிடுவார். உங்கள் பக்கம் மெலிந்துவிடும். "நிற்கிறது, என்னவென்று பாருங்கள்" என்று கொடுத்திருந்தால் பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவருடையது.

வண்டியைப் பற்றி: செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தடுத்துவைக்கும் உரிமையை நம் நாட்டுப் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் தருகிறது. ஆனால் அது பொருள் கையில் இருக்கும்வரைதான். முதல் தடவை வண்டியை உங்களிடம் விட்டபோதே அந்த உரிமை போய்விட்டது என்று நான் வாதிடுவேன். ஆனாலும் அந்த வாதம் முடியும்வரை உங்கள் வெங்காயம் காத்திருக்காது. பாக்கியைக் கட்டுங்கள், பற்றுச்சீட்டில் "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன், திருப்பிக் கோரும் உரிமையைக் கைவிடவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது அவருடைய சட்டக் கடமை. இரவில் ஆட்களோடு போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம் என்பதையும் எழுத்திலேயே கொடுங்கள்.

கழற்றிய பழைய பம்பையும் அன்றே கேளுங்கள். மாற்றாக எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்காவிட்டால் அது உங்கள் சொத்து. அதை வேறொரு பம்ப் வேலைத்தளத்தில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று எழுத்தில் கிடைத்தால் வழக்கின் பாதி முடிந்தது. தாங்கியை அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து, கான் சோதனையையும் தாங்கி திறப்பதையும் திகதியோடு வீடியோ எடுங்கள். அடியிலிருந்து எடுத்த டீசலைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, சாட்சிகள் கையொப்பமிட்ட சீட்டு ஒட்டி வையுங்கள்.

அதன்பின் பதிவுத்தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம்; பதிலுக்கு பதினான்கு நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வழி கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்று தயங்க வேண்டாம். பணம் கொடுத்துச் சேவை பெறுபவர் எவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். இவ்வளவு தொகைக்கு நீதிமன்றம் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். அந்தப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட உள்ள காலம் மூன்று வருடம். ஆனால் அதிகார சபை முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்தான். பம்ப் மாற்றிய திகதி அந்தத் துண்டுச்சீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் பணம் கொடுத்த நாளை வங்கிப் புத்தகத்திலோ கைத்தொலைபேசியிலோ தேடி எழுதி வையுங்கள்.