எல்லா அல்ட்ராசவுண்டும் ஒன்றல்ல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீயொலி (அல்ட்ராசவுண்ட்) பற்றி வந்த கடிதங்களில் பாதி ஆய்வகங்களிலிருந்து, மீதி மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களிடமிருந்து. இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தரப்புக்கான பதில் மறுதரப்புக்கும் உதவும்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஆராய்ச்சி செய்யும் என் தம்பி, “எங்கள் லேபில் பாக்டீரியாவை உடைக்கவே அல்ட்ராசவுண்ட்தான் வைக்கிறோம்” என்கிறான். வயிற்றுப் பிள்ளைக்கு இது ஆகுமா? (மதுரை வாசகி)

தம்பி சொல்வது உண்மைதான். ஆனால் அவர் லேபில் இருப்பது வேறு கருவி. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, நம் காதுக்கு எட்டாத எல்லா ஒலிக்கும் மீயொலி என்றே பெயர். பாக்டீரியாவை உடைக்கும் கருவி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸில் ஓடும். வயிற்று ஸ்கேன் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். நூறு மடங்கு, அதற்கும் மேல்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? செல்லை உடைப்பது பெரும்பாலும் ஒலி கிளப்பும் நுண்குமிழிகள். அலையின் தாழ்வழுத்தப் பாதியில் குமிழி பெரிதாகும், அடுத்த பாதியில் நொறுங்கும். 20 கிலோஹெர்ட்ஸில் அது பெரிதாக 25 மைக்ரோவினாடி கிடைக்கிறது. 5 மெகாஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோவினாடிதான். போதாததற்கு, ஸ்கேன் கருவி மிகச் சிறிய துடிப்புகளை அனுப்பிவிட்டு, மற்ற நேரமெல்லாம் எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் சராசரிச் செறிவுக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட். லேப் கருவியின் முனையில் அதே பரப்புக்குப் பல பத்து வாட் பாயும். கருவில் இருக்கும் பிள்ளையின் நுரையீரலில் காற்றும் இல்லை, திரவம்தான். குமிழி தொடங்க ஒரு வித்து வேண்டுமே, அதுவும் அங்கே அரிது.

ஸ்கேன் திரையின் ஓரத்தில் எம்ஐ, டிஐ என்று இரண்டு எண்கள் ஓடும். முதலாவது குமிழி அபாயத்துக்கு, இரண்டாவது சூட்டுக்கு. ஆரம்ப வாரங்களில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரைத் தேவையில்லாமல் வைக்க வேண்டாம் என்பது டிஐ எண்ணை முன்னிட்டுத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனுக்குத் தாராளமாகப் போங்கள். நினைவுக்காக வீடியோ எடுக்கவென்றே தனியாக ஒரு ஸ்கேன் வேண்டாம்.

“30 நிமிடம் சோனிகேட் செய்யவும்” (மீயொலி பாய்ச்சவும்) என்ற ஆய்வுக் கட்டுரையை அப்படியே பின்பற்றுகிறேன். அவர்களுக்கு வந்த நானோ துகள் எனக்கு வருவதே இல்லை. என் கைதான் சரியில்லையோ? (முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி)

உங்கள் கையில் குறை இல்லை, அந்த வாக்கியத்தில்தான் குறை. “30 நிமிடம்” என்பது எதையுமே சொல்லவில்லை. என்ன அதிர்வெண்? தண்ணீர்த் தொட்டி போன்ற பாத் சோனிகேட்டரா, திரவத்துக்குள் நேரே முக்கும் புரோபா? எத்தனை வாட்? என்ன வெப்பநிலை? இவற்றை எழுதாத கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எத்தனை மாணவர்களின் மாதங்கள் இதில் வீணாகின்றன!

முதலில் உங்கள் பாத்தை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். மெல்லிய அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் ஒரு நிமிடம் செங்குத்தாகப் பிடியுங்கள். சில இடங்களில் பொத்தல் விழும், பக்கத்திலேயே கீறல்கூட இருக்காது. குடுவை நிற்க வேண்டிய இடம் பொத்தல் விழுந்த இடம். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே தண்ணீர் மட்டம், அதே குடுவை.

பிறகு வாட். கருவியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். குடுவைக்குள் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, முதல் நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். 3 டிகிரி ஏறினால் உள்ளே போவது ஏறக்குறைய 21 வாட். உங்கள் நோட்டில் எழுத வேண்டியது இந்த எண்தான்.

வேதிவினை எவ்வளவு நடக்கிறது என்று அறிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் போதும். குமிழிக்குள் தண்ணீர் மூலக்கூறு பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, சட்டென வினைபுரியும் துண்டு உண்டாகும். அது அயோடைடை அயோடினாக்கும், கரைசல் மஞ்சளாகும். 353 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்துவிடலாம்.

இன்னும் ஒன்று. பாத்தை அரைமணி ஓடவிட்டால் தண்ணீர் சூடாகும். சூடானால் வினை வேகமெடுக்கும் என்றுதான் நமக்குப் பாடம், இங்கே தலைகீழ். சூட்டில் நீராவி குமிழிக்குள் அதிகம் புகுந்து, நொறுங்கும் வேகத்தை மெத்தையிட்டுக் குறைத்துவிடும். ஐஸ் போட்டு ஒரே வெப்பநிலையில் வையுங்கள். புரோப் என்றால், டைட்டானியம் முனை அரித்து உங்கள் துகளோடு கலக்கிறதா என்றும் பாருங்கள்.

குமிழிக்குள் 5,000 டிகிரி என்று படித்தேன். அப்படியானால் பீக்கர் ஏன் கொதிப்பதில்லை? (பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்)

குமிழி அவ்வளவு சிறியது, அந்தச் சூடு அவ்வளவு குறுகிய நேரத்துக்கு. மைக்ரோவினாடிக்கும் குறைவான காலத்தில் எல்லாம் முடிந்துவிடும். சுற்றியுள்ள குளிர்ந்த திரவம் சூட்டை விழுங்கிவிடும். கப்பலின் உந்துவிசிறிகள் ஏன் அரிக்கின்றன என்ற கேள்வியிலிருந்துதான் லார்டு ராலே 1917இல் குமிழி நொறுங்குவதைக் கணக்கிட்டார். 1927இல் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் இருவரும் மீயொலியின் வேதி விளைவுகளை எழுதினார்கள். 1934இல் கொலோன் நகரில் ஃபிரென்சல், ஷூல்டெஸ் இருவரும் மீயொலி பாய்ந்த தண்ணீரிலிருந்து மங்கலான ஒளி வருவதைப் புகைப்படத் தகட்டில் கண்டார்கள்.

அந்த ஒளியின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்துத்தான் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் குழு ஏறக்குறைய 5,000 கெல்வின் என்று சொன்னது. சூடாவதைவிட அது குளிரும் வேகம்தான் எனக்கு வியப்பு. 1991இல் அதே குழு இரும்பு பென்டாகார்பனைலை மீயொலியில் சிதைத்தபோது, இரும்பு அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசமே இல்லாமல் உருவற்ற இரும்பாக உறைந்தன. உங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இத்துறையில் இன்று முன்னணியில் இருப்பவர்களில் ஒருவர், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் முத்துப்பாண்டியன் அசோக்குமார், தமிழர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கண்புரை. “லேசர் ஆபரேஷன்” என்றார்கள், ரசீதில் “ஃபேகோ” என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? (சேலம் வாசகர்)

இல்லை. ஊரில் எல்லாரும் லேசர் என்று சொல்வது பெரும்பாலும் ஃபேகோவைத்தான், அது மீயொலி. 1967இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது. பல் டாக்டரின் மீயொலிக் கருவியைப் பார்த்துத் தோன்றிய யோசனை. வினாடிக்கு ஏறக்குறைய 40,000 முறை அதிரும் டைட்டானியம் ஊசி, புரை விழுந்த வில்லையை நொறுக்கி உறிஞ்சிவிடும்.

திருச்சி மாணவிக்குச் சொன்ன அதே ரேடிக்கல்கள் கண்ணுக்குள்ளும் உண்டாகும் என்பது அளந்து பார்த்த உண்மை. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் ஹயலுரோனேட் ஜெல் இடத்தை நிரப்புவதோடு நிற்காமல், ரேடிக்கல்களையும் பிடித்துக்கொண்டு கருவிழியின் உட்புறச் செல்களைக் காக்கிறது.

அப்பாவுக்குக் கை நடுக்கம், மருந்து கேட்கவில்லை. மண்டையைத் திறக்காமலே மீயொலியால் சரிசெய்கிறார்களாமே? (கோயம்புத்தூர் வாசகி)

செய்கிறார்கள். மூளையின் தலாமஸ் பகுதியில் நடுக்கத்தைக் கடத்தும் ஒரு சிறு புள்ளியை மட்டும் சுட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2016இல் இதற்கு அனுமதி கிடைத்தது. தலைக்கவசம் போன்ற கருவியில் 1,024 ஒலிமூலங்கள். மண்டையோடு இடத்துக்கு இடம் தடிப்பு மாறுவதால், சிடி ஸ்கேனைப் பார்த்து ஒவ்வொன்றின் அலையையும் தனித்தனியே திருத்தி, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். எம்ஆர்ஐயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே 55, 60 டிகிரிக்கு ஏற்றுவார்கள். “எசென்ஷியல் ட்ரெமர்” என்ற நடுக்க நோயா, பார்கின்சனா என்பதை நரம்பியல் மருத்துவர் முதலில் பிரித்தறிய வேண்டும். சிலருடைய மண்டையோடு ஒலியைப் போதிய அளவு கடத்தாது, அவர்களுக்கு இது ஒத்துவராது.

சூடே இல்லாமல், குமிழிகளாலேயே கட்டியைக் கூழாக்கும் ஹிஸ்டோட்ரிப்சி முறைக்கு 2023இல் கல்லீரல் கட்டிகளுக்காக அங்கே அனுமதி வந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஸ்கேனில் எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறோமோ, அதையே இங்கே குறிவைத்து உண்டாக்குகிறார்கள்.

சாயப்பட்டறைக் கழிவுநீரை மீயொலியால் சுத்தப்படுத்தலாம் என்று ஒருவர் இயந்திரம் விற்க வருகிறார். வாங்கலாமா? (திருப்பூர்)

பீக்கரில் நிறம் போகும், நானே பார்த்திருக்கிறேன். ஹைட்ராக்சில் ரேடிக்கல் அசோ சாயங்களை உடைக்கும். 200 முதல் 600 கிலோஹெர்ட்ஸ் அதற்கு ஏற்றது. ஆனால் செலவாகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ரேடிக்கலாகிறது. உப்பு அப்படியே நிற்கும். உங்களுடைய பெரிய தலைவலியே அதுதானே? நிறம் மறைவதை மட்டும் காட்டினால் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கழிவுநீரையே கொடுத்து, ஓடிய யூனிட்டையும், நீரிலுள்ள கரிம மாசைக் காட்டும் சிஓடி எண் எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

காதுக்கே கேட்காது என்கிறார்கள். புரோப் ஓடும்போது எனக்குக் காது கூசுகிறதே? (ஆய்வக உதவியாளர், சென்னை)

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. நொறுங்கும் குமிழிகள் 20 கிலோஹெர்ட்ஸின் பாதியான 10 கிலோஹெர்ட்ஸிலும் ஒலி எழுப்பும், கூடவே பரவலான இரைச்சலும். நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்பது செவிக்குக் கெடுதல். ஒலித்தடுப்புப் பெட்டி கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை காதடைப்பான் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.