மேற்பரப்பு மட்டும்தானா?

வணக்கம் ஐயா,

மகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். போன கிழமை ரியூசனில் ஒரு கேள்வி: இழைமணியின் உள்மென்சவ்வு ஏன் மடிந்திருக்கிறது? "மேற்பரப்பைக் கூட்டுவதற்கு" என்று எழுதி முழுப் புள்ளி வாங்கிவிட்டான். மேற்பரப்புத்தான் வேண்டுமென்றால் வெளிமென்சவ்வும் மடிந்திருக்கலாமே என்று நான் சும்மா கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஆசிரியரைக் கேட்டதற்கு, சோதனைக்கு அது தேவையில்லை என்றாராம். நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. என் கேள்வி பிழையா?

வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள வாசகிக்கு,

பிழையே இல்லை. அந்த விடையில் விட்டுப்போன பாதியை உங்கள் கேள்வி சரியாகத் தொட்டிருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன சந்தோஷம். இழைமணி என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இங்கே மைட்டோகாண்ட்ரியா என்று படித்து, "செல்லின் ஆற்றல் மையம்" என்று ஒப்பித்துத் தேறியவர்கள். 1898-ல் கார்ல் பெண்டா வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் இழை, காண்ட்ரியான் என்றால் மணி. உங்கள் ஊர்ச் சொல் அதை அப்படியே பிடித்துவிட்டது. பாடப்புத்தகப் படத்தில்தான் அது அவரை விதை மாதிரி ஒரே உருவத்தில் கிடக்கும். உயிருள்ள கலத்தில் நீளும், ஒன்றோடொன்று ஒட்டும், துண்டாகும். சில நேரம் இழை, சில நேரம் மணி.

சரி, கேள்விக்கு வருவோம். வெளிமென்சவ்வு ஒரு சல்லடை. போரின் என்ற புரதம் அதில் ஓட்டை ஓட்டையாக உட்கார்ந்திருக்கிறது. சின்ன மூலக்கூறுகள் பெரும்பாலும் தடையில்லாமல் போய்வரும். சல்லடையை மடித்து வைத்து என்ன ஆகப்போகிறது? உள்மென்சவ்வு நேர்மாறு. ஒரு புரோட்டானைக்கூட லேசில் விடாது. சாப்பாட்டிலிருந்து உருவிய எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கும் இயந்திரங்களும், கலம் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்யும் இயந்திரமும் பதிந்திருப்பது இதில்தான். மடித்தால் கூடுதல் இயந்திரம் கொள்ளும். மகன் எழுதியது இந்தப் பாதி.

மறுபாதி, மடிப்புக்குள் இருக்கும் இடுக்கு. எலக்ட்ரான் கைமாறும்போது புரோட்டான்கள் உள்மென்சவ்வு சூழ்ந்த உள்ளறையிலிருந்து அந்த இடுக்குக்குத் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் முக்கிய வழி ஏடிபி இயந்திரம். வரும்போது அதைச் சுற்றிவிட்டுத்தான் வரும். அணை நீரும் டர்பைனும் போல என்று எல்லோரும் சொல்வார்கள். உவமை சரிதான், ஆனால் இது பரந்த ஏரி இல்லை. அகலம் சில பத்து நானோமீட்டர், வாயும் குறுகல். அவ்வளவு சின்ன இடத்தில் கொஞ்சம் புரோட்டான் சேர்ந்தாலே நெருக்கடிதான். மென்சவ்வின் இரு பக்கத்துக்கும் சுமார் 150 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு, இதென்ன பிரமாதம் என்று தோன்றும். மென்சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான் என்று சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் 30 லட்சத்திலேயே பொறி பறந்துவிடும்.

1961-ல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்சல் இந்தப் புரோட்டான் கணக்கைச் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. ஏடிபி உண்டாக நடுவில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருந்தாக வேண்டும் என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். இல்லாத பொருள் எப்படிக் கிடைக்கும்? மிட்சல் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அதிலேயே ஆய்வகம் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். 1978-ல் நோபல் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. ஏடிபி இயந்திரங்கள் மடிப்பில் கண்ட இடத்தில் இருப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து, மடிப்பு வளையும் விளிம்பில் வரிசை கட்டி நிற்கின்றன. ஜோடியில் இரண்டும் கவட்டை போல விலகிச் சாய்ந்து நிற்பதால், பதிந்திருக்கும் மென்சவ்வும் கூடவே வளைகிறது. ஈஸ்ட்டில் இந்த ஜோடி சேர உதவும் புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். இயந்திரம் இருந்தது, ஆனால் மடிப்புகள் குலைந்து வெங்காயத்தை அறுத்தது போல அடுக்கடுக்காகிவிட்டன. ஆக, வேலை செய்கிற இயந்திரமே தனக்கான வளைவைப் போட்டுக்கொள்கிறது. "தொழிலுக்கேற்ற அமைப்பு" என்று, யாரோ முன்கூட்டியே வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி பாடம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அப்புறம், மேற்பரப்புதான் எல்லாம் என்றால் எல்லாக் கலத்திலும் மடிப்பு நெருக்கமாக இருக்க வேண்டுமே. இதயத் தசையில் அப்படித்தான், ஓய்வில்லாத வேலை. ஈரலில் மடிப்பு குறைவு. யூரியா தயாரிப்பின் முதல் இரண்டு படிகள் மாதிரி பல வேலைகள் அங்கே உள்ளறையில் நடக்கின்றன. கூடம் முழுக்க அலமாரி அடுக்கினால் ஆள் நடமாட முடியாது. கைக்குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் மடிப்பு நிறைய உண்டு, ஆனால் புரோட்டான்கள் ஏடிபி இயந்திரத்தைச் சுற்றாமல் வேறொரு புரதத்தின் வழியாகத் திரும்பி வந்து வெறும் சூடாகின்றன. குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சூடுதான் காப்பு.

சோதனையில் மகன் "மேற்பரப்பு" என்றே எழுதட்டும், புள்ளி முக்கியம். வீட்டில் செங்குருதிக் கலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நம் ரத்தத்தில் அதற்கு இழைமணியே கிடையாது, முதிரும்போது கருவையும் இழைமணிகளையும் கழித்துவிடுகிறது. பந்திக்குச் சோறு கொண்டுபோகிறவன் வழியில் சாப்பிடக் கூடாது என்பதுபோல, ஆக்சிஜனைச் சுமப்பது அதைத் தானே செலவழிக்கக் கூடாது என்று இதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்கள். (பறவைகளின் செங்குருதிக் கலத்தில் இரண்டும் உண்டு. அவையும் நன்றாகத்தான் பறக்கின்றன.) அது ஏன் இருபுறமும் குழிந்த தட்டாக இருக்கிறது என்று கேட்டால் மறுபடியும் "மேற்பரப்பு" என்பான். அங்கேயும் பாதிதான். 7, 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கலம் தன்னைவிடக் குறுகிய ரத்தக் குழாயில் நுழைந்தாக வேண்டும். உப்பிய பந்தாக இருந்தால் மென்சவ்வு கிழியும். தளர்ந்த பையாக இருப்பதால் மடங்கி நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் மறுபடி தட்டாகிவிடுகிறது.