பத்துப் பக்கத்தோட நிண்டுபோற கவிதைத் தொகுப்பு

முள்ளியவளைத் தம்பி, நவீன கவிதைத் தொகுப்பு பத்துப் பக்கத்துக்கு மேல போகுதில்லை, ஆறுதலான மாயக்கதைதான் பிடிக்குது, வாசிகசாலைப் பெடியள் சின்னப்பிள்ளைக் கதை எண்டு பகிடி பண்ணுறாங்கள் எண்டு எழுதியிருந்தீங்கள். பண்ணட்டும்.

தொகுப்பை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து இழுக்காதேங்கோ. நடுவில விரிச்சு ஒரு கவிதையைச் சத்தமா வாசிச்சுப்போட்டு மூடி வையுங்கோ. 1986இல வந்த பெண் கவிஞர்களின்ர ‘சொல்லாத சேதிகள்’ மெல்லிய புத்தகம், அதில தொடங்கலாம். வசனத்தை உடைச்சு அடுக்கிவிட்டுக் கவிதை எண்டு வாற இப்பத்தைய தொகுப்புகள் கனக்க எனக்கும் சரிவராது.

மாயக்கதையெண்டால் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) எண்ட ஆங்கில நாவல். கூலிச் சண்டைக்காரியா இருந்த ஓர்க் எண்ட அரக்க இனப் பெண் ஒருத்தி, வாளைச் சுவரில கொழுவிப்போட்டு, கோப்பியே தெரியாத ஊரில கோப்பிக்கடை போடுறா. பழைய லாயத்தைத் திருத்துறது, எலி உருவப் பேக்கர் கறுவா பணிஸ் சுடுறது, இதுகள்தான் சம்பவம். இடையில கொஞ்சம் இழுவை, ஆங்கிலம் லேசு. சண்டை முடிஞ்சு கடை போட்டுச் சனத்தைச் சேர்க்கிற கதை வன்னியில இருக்கிற எங்களுக்கு என்னெண்டு சின்னப்பிள்ளைக் கதையாகும்?

கொழும்பிலிருந்து எடுப்பிச்சால் விலை கூட. கிளிநொச்சிப் பக்கம் ஆரும் வைச்சிருந்தால் முதல் இரவல் கேட்டுப் பாருங்கோ.