பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்ய வேண்டுமா?

தடைதான் ஏற்கெனவே இருக்கிறதே! பக்கத்தில் நின்று ஊதுகிறவரிடம் சொல்லவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2003இல் மத்திய சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க விதிகள், 200 ரூபாய் வரை அபராதம். எல்லாம் இருக்கு. "அணைங்க" என்று சொல்ல ஆள்தான் இல்லை.

எனக்குச் செங்கோட்டை. வேலை எல்லை தாண்டி கேரளத்துப் புனலூரில், ஜவுளிக்கடையில். ஒரு மழை நாள், பஸ்ஸில் ஷட்டரெல்லாம் இறக்கியாச்சு. ஆரியங்காவு தாண்டியதும் பின்படியில் நின்ற எங்கள் தெருக்காரர் பீடியைப் பற்றவைத்தார். பக்கத்து சீட் அக்கா கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "அண்ணாச்சி, அணைச்சிருங்க" என்றேன்.

"உங்கம்மா சுத்துன பீடியாத்தான் இருக்கும் தாயி. நாங்க குடிச்சாத்தான ஒனக்குச் சோறு?"

பாதி பஸ் சிரித்தது. கண்டக்டர் மட்டும் திரும்பிப் பார்த்து, "சேட்டா, அது களஞ்ஞேக்கு" (அண்ணே, அதைத் தூக்கிப் போடுங்க) என்று மலையாளத்தில் ஓர் அதட்டல். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் நுனியைச் செருப்பில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டார்.

உடனே மலையாளத்தான் புராணம் பாடுகிறாள் என்று வராதீர்கள். அங்கேயும் கடை மறைவில் ஊதத்தான் செய்கிறார்கள். முப்பது பேர் உட்காரும் ஓட்டல் என்றால் புகைக்கத் தனி அறை வைத்துக்கொள்ளலாம், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பீடிக்காரருக்கு அபராதம் என்பது எனக்கும் உறுத்தல்தான். அதற்காகக் கைக்குழந்தை புகை குடிக்க வேண்டுமா?

ஆமாம், அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதனால்தான் பேசுகிறேன். ராத்திரி ஈரச்சாக்கில் சுற்றிவைத்த இலையை விடியுமுன் வெட்டி, சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து உட்கார்ந்தால் புகையிலைத் தூள் வீடெல்லாம் பறக்கும். ரசத்தில்கூட அந்தக் காரல் இருக்கும். அம்மாவுக்கு ஒரு பீடி குடித்த பழக்கம் கிடையாது, இருமல் மட்டும் விடவில்லை. எங்கள் வீடு பொது இடம் இல்லையே, எந்த விதி வந்து பார்க்கும்?

சுற்றிக் கொண்டுபோனால் ஏஜென்ட் கட்டுக்கு இத்தனை என்று கழிவு தள்ளுவான். கழித்த பீடியைத் திருப்பித் தரவும் மாட்டான், அதற்குக் கூலியும் கிடையாது. இப்போது அம்மாவின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்துக்கு அலைகிறோம். கம்பெனிக் கணக்கில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. கேட்டால் இங்கே போ, அங்கே போ என்கிறார்கள். இந்தப் பெயர் திருத்தத்தை முடித்துப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், முதலில் எங்கே போய் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.