புது ஆண்டிலும் பழைய விற்பனைத் தொகை

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) பதிவு உண்டு. டிசம்பர் 31-இல் கணக்கை முடித்தோம். ஜனவரியிலும் விற்பனைக் கணக்கில் போன ஆண்டுத் தொகையே நிற்கிறதே?

பதில்: முடிப்புப் பதிவு, அதாவது ஆண்டு இறுதியில் வருமான, செலவுக் கணக்குகளைப் பூஜ்யமாக்கும் பதிவு, போடாமல் விட்டிருக்கிறார்கள். விற்பனைக் கணக்கு வரவு இருப்புக் காட்டும். 240,000 வெள்ளி இருந்தால் அதை அப்படியே பற்று வைத்து, லாப நட்டக் கணக்கில் வரவு வையுங்கள். திரும்பி வந்த சரக்குக்கான கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பற்று இருப்பு, ஆகவே எதிர்ப்பதிவு: அதை வரவு வைத்து, லாப நட்டக் கணக்கில் பற்று வையுங்கள். செலவுகளையும் அதுபோலவே முடித்து, மிஞ்சுவதைத் தனியுரிமைக் கடையென்றால் உரிமையாளரின் மூலதனக் கணக்குக்கும், நிறுவனமென்றால் தக்கவைத்த லாபத்துக்கும் மாற்றுங்கள். பதிவின் தேதி டிசம்பர் 31 ஆக இருக்கட்டும்.

அதற்கு முன் விற்பனைத் தொகையே சரிதானா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு இங்கேதான். கல்லாவில் வந்த 109 வெள்ளியில் 100 தான் வருமானம். 9 வெள்ளி ஜிஎஸ்டி, வரி ஆணையத்துக்குத் தரவேண்டிய கடன். அதை லாப நட்டக் கணக்குக்கு மாற்றி முடிக்கவே கூடாது. பொங்கல் சேலைக்கு டிசம்பரில் வாங்கிய முன்பணமும், சேலை கைமாறும் வரை கடன்தான். டிசம்பரில் சரக்கைக் கொடுத்துவிட்டு ஜனவரியில் பில் போட்டிருந்தால், அது டிசம்பர் வருமானம்.

கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் முதலில் ஆண்டுத் தொடக்கத் தேதியைச் சரிபாருங்கள். பல மென்பொருள்கள் தாமாகவே முடித்துவிடும். அதோடு கையாலும் முடிப்புப் பதிவு போட்டால் கணக்கு தவறாகிவிடும்.