புழுதிக்கு மேலே ஒரு மூக்கு: டிராக்டர் ஏர் கிளீனர் கேள்வி - பதில்

45 எச்.பி. டிராக்டர், ஆயில் பாத் ஏர் கிளீனர் (கிண்ணத்து ஆயிலில் புழுதியைப் பிடிக்கும் வகை). செம்மண் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டினால் இரண்டே நாளில் கிண்ணத்து ஆயில் களியாகிவிடுகிறது. காற்று இழுக்கும் குழாயை உயர்த்தி, மேலே பெரிய பிரீ கிளீனராக (ஏர் கிளீனருக்கு முன்பே கனமான மண்ணைப் பிரிக்கும் பகுதி) வைக்கலாமா?
வாசகர், விருத்தாசலம்

குழாயை உயர்த்தலாம். 'பெரிய' பிரீ கிளீனர்தான் வேண்டாம்.

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பாருங்கள். 2,700 சி.சி. எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 2,300 லிட்டர் காற்றை இழுக்கும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள அறையில் இருக்கும் காற்றைப் போல ஐந்து மடங்கு, ஒரே மணி நேரத்தில் உள்ளே போகிறது. பின்காற்று அடிக்கும்போது ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதி முன்னால் வந்து பானெட்டைச் சுற்றித்தான் அடர்த்தியாக நிற்கும். அதனால் பானெட்டுக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அடி உயர்த்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் போனால் குழாய் ஆடி வெல்டிங் விடும்; மாமரக் கிளையும் விட்டு வைக்காது. சைலன்சர் மேல்நோக்கி நிற்கிற வண்டியானால் காற்றுக் குழாயின் வாயை அதிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். கரிப்புகையை இழுத்தால் கிண்ணம் இன்னும் சீக்கிரம் கெடும்.

குழாயின் உள்விட்டம் ஏர் கிளீனர் கழுத்தின் உள்விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. இரண்டரை அங்குலம் இருக்கும் இடத்தில் பட்டறையில் கிடந்த இரண்டு அங்குலக் குழாயை மாட்டினால், அதே காற்றை அதே நீளத்துக்கு இழுக்க எஞ்சின் ஏறக்குறைய மூன்று மடங்கு சிரமப்படும். வளைவு வேண்டுமென்றால் அகலமான ஒன்றே போதும். இரும்புக் குழாய் நல்லது. பி.வி.சி. வெயிலிலும் அதிர்விலும் விரிசல் விடும். குழாயின் எடையைக் கழுத்தின் மேல் சுமத்தாமல், ஏர் கிளீனர் எந்தச் சட்டத்தில் நிற்கிறதோ அதிலிருந்தே ஒரு தாங்கி அடித்துப் பிடியுங்கள். பானெட் ஓட்டையில் குழாய் உரசாமல் சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பிரீ கிளீனர் காற்றைச் சுழற்றி, கனமான மண்ணை ஓரத்துக்கு வீசித்தான் பிரிக்கிறது. அளவுக்கு மேல் பெரிதானால் உள்ளே காற்றின் வேகம் குறையும். சுழற்சி செத்துவிடும், மண் நேரே கீழே இறங்கும். சிறிதானால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். உங்கள் எஞ்சின் இழுக்கும் அளவுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியபின் சோதிக்க நிறமில்லாத பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டரும் கொஞ்சம் தண்ணீரும் போதும். ஏர் கிளீனர் கழுத்தில், அதாவது வடிகட்டலுக்கு முன்னால் உள்ள பகுதியில், சிறு துளை போட்டு டியூபின் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் செருகுங்கள். டியூபை 'ப' எழுத்துப்போல் தொங்கவிட்டு, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை முழு ஆக்ஸிலேட்டரில் வையுங்கள். டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் வால்வு கிடையாது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழுக்கும் காற்று ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே நிற்கும் வண்டியிலேயே இதைப் பார்க்கலாம். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய அமைப்பில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை அளந்து ஒப்பிடுங்கள். 5 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் குழாய் ஒல்லி, அல்லது வளைவு இறுக்கம். அளந்த பிறகு துளையை ஸ்க்ரூ போட்டு அடைத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் புழுதி உழவு நாட்களில் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அடியில் ஒரு செ.மீ. மண் படிந்தால் ஆயிலை மாற்றுங்கள். எஞ்சினில் வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள்.

ஏர் கிளீனரை ஒழுங்காகத்தான் கழுவி வருகிறேன். ஆனாலும் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கசிகிறது), ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் 'மண் தின்றிருக்கிறது' என்கிறார். டிரை டைப்புக்கு (ஆயில் இல்லாமல் காகித எலிமென்ட்டால் வடிகட்டும் வகை) மாற்றினால் தீருமா?
வாசகர், தாராபுரம்

மாற்றும் முன் ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் வழி அங்கேதான். வடிகட்டிய பிறகு வரும் ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தாலும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், எஞ்சின் அந்த ஓட்டை வழியாகப் புழுதியை நேராக உறிஞ்சும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த கிளீனர் இருந்தும் பயனில்லை. புது ஹோஸ் போடும்போது உள்ளே கம்பிச்சுருள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் பாய்ச்சும் ஹோஸை வெட்டிப் போட்டால் இழுப்பில் சப்பிக்கொள்ளும்.

டிரை டைப் நன்றாக வடிகட்டும் என்பது உண்மை. ஆயில் பாத்தில், குறிப்பாக எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஆயில் சரியாக மேலெழும்பாமல் நுண்தூள் தப்பிவிடும். மாற்றுவதானால் உள், வெளி என இரண்டு எலிமென்ட் உள்ள வகையே வேண்டும். கீழே உள்ள ரப்பர் வால்வு தரையைப் பார்த்து நிற்கும்படி பொருத்துங்கள். வெளி எலிமென்ட்டைச் சுத்தம் செய்ய உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்கு மிகாமல் காற்றடியுங்கள். தரையில் தட்டாதீர்கள். பிறகு உள்ளே பல்பு வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பொட்டாகத் தெரிந்தால் காகிதம் கிழிந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். உள் எலிமென்ட்டைக் கழுவவோ ஊதவோ கூடாது. வெளியதை மூன்று முறை மாற்றினால் இதை ஒரு முறை மாற்ற வேண்டும்.

வாடகைக்கு ஓடும் வண்டி, ஆள் மாறி ஆள் ஓட்டுகிறார்கள், பஞ்சர் கடையில் முழுப் பிரஷரில் ஃபில்டரை ஊதுகிறார்கள் என்றால் ஆயில் பாத்தை மாற்றாமல் இருப்பதே எங்கள் யோசனை. அதில் கிழிய எதுவுமில்லை.

ஏற்கெனவே புழுதியால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் எந்த ஏர் கிளீனர் மாற்றினாலும் திரும்பி வராது. அது தனிச் செலவு.

தோட்டத்துக்கு ஓட்டும் பி.எஸ்.6 டீசல் பிக்கப்பில், கழுவிப் பயன்படுத்தும் பஞ்சு ஃபில்டர் போட்டால் இழுவை கூடும் என்கிறார்களே?
வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். இந்த வண்டிகளில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே காற்றை அளக்கும் சென்ஸார் இருக்கும். பஞ்சில் தடவும் எண்ணெய் அதில் படிந்தால் அளவு தப்பும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். நழுவிய புழுதி டர்போவின் இறக்கைகளையும் அரிக்கும். திறந்த கூம்பு ஃபில்டர் இன்னும் மோசம், எஞ்சின் அறையின் சூடான காற்றைத்தான் குடிக்கும்.

மழைக்காலத்தில் ஓடை தாண்ட வேண்டும். ஜீப்பில் உள்ளதுபோல ஸ்நார்கெல் (கூரை உயரத்திலிருந்து காற்றிழுக்கும் குழாய்) வைத்தால் போதுமா?
வாசகர், கூடலூர்

அது எஞ்சினுக்குள் தண்ணீர் போவதை மட்டுமே தடுக்கும். அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்றால், 900 சி.சி. சிலிண்டர், 18:1 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 53 மி.லி.தான். தண்ணீர் அமுங்காது. அரை டம்ளர் டீ அளவுத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனாலும் கனெக்டிங் ராடு வளையும். ஆகவே கூரை உயரத்தில் வாய் இருந்தாலும், கீழே ஒரு மூட்டு ஒழுகினால் எல்லாம் வீண். எல்லா மூட்டிலும் கிளாம்ப் போட்டபின், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மேல் வாயைத் தட்டையான பலகையால் மூடிப் பாருங்கள், கையால் வேண்டாம். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ காற்று புகுகிறது.

கியர் பாக்ஸ், ஆக்ஸில் இவற்றின் பிரீதர்களையும் (காற்று போய்வரும் சிறு துளைகள்) டியூப் போட்டு உயர்த்துங்கள். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை உள்ளிழுக்கும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதுதான் காரணம். நடு ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் போடாமல் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள்.

ஆயில் பாத் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் புழுதி அதிகமாகப் பிடிக்குமா?
வாசகர், பேராவூரணி

பிடிக்காது. மிஞ்சிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சி அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்போது ஸ்டாப் நாபை இழுத்தாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். வலைப்பகுதியை டீசலில் கழுவி ஈரத்தோடு மாட்டினாலும் இதே ஆபத்து உண்டு. நன்றாக வடிந்து உலர்ந்த பிறகு, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றி மாட்டுங்கள்.